தட்டுவதற்குள் திறந்த கதவு

முன்னொரு காலத்திலே, கடல் சூழ்ந்த இங்கிலாந்து தேசத்திலே ஒரு ராஜா இருந்தாராம். அவர் கேட்டதுக்கெல்லாம் தலையாட்டாத ஒரு சபையும் இருந்ததாம்.

அந்தச் சபைக்கு ஒரு வழக்கம். ராஜாவின் ஆள் வந்தால் அவன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவார்கள். அவன் வெளியே நின்று தட்ட வேண்டும். சபை சம்மதித்தால்தான் திறப்பார்கள்.

அன்றைக்குக் கதவோரம் உட்கார்ந்திருந்த உறுப்பினர் ஹம்ஃப்ரி. ராஜாவின் வரியை எதிர்த்து அவருடைய நண்பர் கில்பர்ட் பேசிக்கொண்டிருந்தார். வெளியே வீரர்களின் காலடிச் சத்தம் கேட்டது. ஹம்ஃப்ரி எழுந்துபோய், யாரும் தட்டுவதற்குள் கதவைத் திறந்துவிட்டார். வந்தவர்கள் கில்பர்ட்டைச் சிறைக்கு இழுத்துப் போனார்கள்.

மறுநாள் ஹம்ஃப்ரி, தனக்கும் கில்பர்ட்டுக்கும் சட்டம் சொல்லிக்கொடுத்த ஆசான் ஆம்புரோஸ் முன்னால் வந்து நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"கில்பர்ட்டைப் பார்த்தியா?"

"இல்லைங்க ஐயா. எந்த முகத்தோட போறது?"

"எதுக்குத் திறந்தே?"

"ராஜாவோட ஆளுங்களைக் காக்க வைக்கறதான்னு... கை தானா போயிடுச்சு."

"ரொம்ப மரியாதைக்காரன்தான். வந்தவன் என்ன சொன்னான்?"

ஹம்ஃப்ரியின் காது மடல் சிவந்தது. "நன்றின்னான். எனக்கு மட்டும் குனிஞ்சு ஒரு வணக்கம் வச்சான். கில்பர்ட் பார்த்துக்கிட்டே இருந்தான்."

"விசாரணையில ராஜா தரப்புல என்ன சொல்லப்போறாங்களாம்?"

"ராஜா சபைக்குள்ள அத்துமீறவே இல்லை, சபையே கதவைத் திறந்து கூப்பிட்டுச்சுன்னு. நீதிபதிங்க அதை ஒத்துக்கிட்டா கைது செல்லும், கில்பர்ட் தலை போயிடும்."

ஆம்புரோஸ் கணப்பில் ஒரு விறகைத் தள்ளிவிட்டார்.

"ஐயா, அது இத்துப்போன கதவு. நான் திறக்காட்டியும் ஒரே உதையில உள்ளே வந்திருப்பாங்க. அவனைப் பிடிச்சிருப்பாங்க. இல்லையா?"

"ஆமா. பிடிச்சிருப்பாங்க."

ஹம்ஃப்ரி மூச்சு விட்டார். "அப்போ நான் திறந்ததால என்ன மாறிப்போச்சு?"

"உதைக்க விட்டிருக்கலாமே, ஹம்ஃப்ரி. உதைச்ச கால் யாருதுன்னு தேசமே பார்த்திருக்கும்."

ஹம்ஃப்ரி படியிறங்கி, சிறைச்சாலைப் பக்கமாக நடந்து போனார்.