வெள்ளைக் கோட்டும் வெல்டிங் ராடும்

குருவுக்கு இருபத்தெட்டு வயது. சிஷ்யைக்கு முப்பத்தெட்டு. இடம், திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு ஐ.டி.ஐ.யின் வெல்டிங் கூடம்.

சிஷ்யை பரிமளம் அந்தக் காலத்தில் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியவள். நர்ஸாக வேண்டும் என்று தவியாய்த் தவித்தாள். வீட்டில் கல்யாணத்தைப் பண்ணி வைத்துவிட்டார்கள். இப்போது அவள் மகள் நர்சிங் படிக்கிறாள். பரிமளத்துக்கு நர்சிங் சேர வயது தாண்டிவிட்டது. இங்கே பெண்களுக்கு வயது வரம்பில்லை என்றார்கள், வந்து சேர்ந்தாள்.

அன்று மத்தியானம் ஒரு துண்டைப் பற்றவைத்து முடித்ததும் கையுறையைக் கழற்றி வைத்தாள்.

"மிஸ், நாளையிலேருந்து நான் வரல."

"ஏங்க்கா?" என்றாள் குரு ஜெசிந்தா.

"காலையில பொண்ணோட வெள்ளைக் கோட்டை அயர்ன் பண்ணினேன். அவ குளிக்கப் போனப்ப எடுத்துப் போட்டுப் பார்த்தேன்." பரிமளம் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பெத்த பொண்ணு மேலயே பொறாமை மிஸ். வெளியில சொன்னா காறித் துப்புவாங்க. மனசை அங்க வச்சுக்கிட்டு இங்க என்னத்தைக் கத்துக்கறது? முதல்ல இந்த ஆசை ஆறட்டும். அப்புறம் வரேன்."

ஜெசிந்தா அவள் பற்றவைத்த இரும்புத் துண்டைக் காட்டினாள்.

"அதை எடுங்க."

சிவப்பு போய்க் கறுத்திருந்தது. பரிமளம் வெறுங்கையை நீட்டினாள். ஜெசிந்தா சட்டென்று மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்புதான். சிவப்பு போனால் சூடும் போய்விட்டது என்று நினைத்துவிடுவார்கள்.

"தண்ணியில முக்கிடவா மிஸ்?"

"முக்கினா ஒட்டு விரிசல் விட்டுடும். அது பாட்டுக்கு இருக்கட்டும்."

பரிமளத்துக்கு எரிச்சல் வந்தது. தான் அழுதுகொண்டு சொன்னது என்ன, இந்தப் பெண் இரும்பைக் காட்டி விளையாடுவது என்ன!

"உங்களுக்கென்ன மிஸ், ஆசைப்பட்டதையே படிச்சுட்டீங்க."

"நானா? எனக்குப் பைலட் ஆகணும்க்கா."

பரிமளம் சிரித்துவிட்டாள். ஜெசிந்தா சிரிக்கவில்லை. பரிமளத்துக்குச் சங்கடமாகப் போயிற்று.

"அந்த ஆசை ஆறிடுச்சா மிஸ்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

தகரக் கூரைக்கு மேலே விமானச் சத்தம் கேட்டது. ஜெசிந்தா போட்டது போட்டபடி வாசலுக்கு ஓடினாள். அது மேகத்துக்குள் மறையும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு உள்ளே வந்து முகக்கவசத்தை இறக்கிக்கொண்டாள்.

"அடுத்த ராடை மாட்டுங்கக்கா."