மூன்று ஓடுகளுக்குப் பேசிய பேரம்

கடல் தண்ணீர் நிரப்பிய கண்ணாடித் தொட்டி ஒன்றில் பவளக் கொம்பு ஒன்று கிளைவிட்டு வளர்ந்திருந்தது. அதன் இடுக்கில் முட்டை சுமந்த செவ்விறால் குடியிருந்தது. ஒருநாள், புதிதாய் வைத்த பாறையில் ஒட்டிக்கொண்டு நத்தைகள் வந்து சேர்ந்தன. பவளத்தின் சதையை அடியிலிருந்தே அரித்துத் தின்னத் தொடங்கின.

தொட்டிக்காரர் ஒரு துறவி நண்டைக் கொண்டுவந்து விட்டார். நத்தைகளைத் தின்று தீர்ப்பதுதான் அதன் வேலை. பேர்தான் துறவி; ஆசைக்குக் குறைவில்லை. அதற்குச் சொந்த ஓடு கிடையாது. செத்த நத்தையின் ஓட்டுக்குள் மெத்தென்ற பின்னுடம்பைத் திணித்துக்கொண்டு திரியும். அந்த ஓடு இப்போது இறுக்கிப் பிடித்தது. தொட்டியில் வேறு காலி ஓடும் இல்லை.

முதல் நாளே மூத்த நத்தையைக் கொடுக்கில் பிடித்தது நண்டு.

"அண்ணே, பொறுங்க!" என்று அலறியது நத்தை. "எங்க ஓடு இப்ப உங்க ஒரு காலுக்காவது பத்துமா? வளர விடுங்க. பெரிய ஓடா ஒண்ணு தர்றோம்!"

"ஒண்ணா? யார்கிட்ட பேசுற? மூணு வேணும்! நான் பொறுக்கி எடுக்கிற மூணு!"

"அநியாயம் அண்ணே! ரெண்டு வச்சுக்குங்க!"

"மூணு! இல்லேன்னா இப்பவே வாயில போட்டுக்குவேன்!"

நத்தை அழுதுகொண்டே ஒத்துக்கொண்டது. நண்டுக்குப் பெருமை தாங்கவில்லை. எதிராளி அழுதுகொண்டே தலையாட்டினால் ஏமாந்தது நாம்தான் என்று அதற்கு யார் சொல்வது!

செவ்விறால் ஓடி வந்தது. "அண்ணே, தினம் ஒரு கிளை வெளுக்குது! உங்களை எதுக்கு இங்க விட்டாங்க?"

"போடி, விவரம் கெட்டவளே! ஓடு விளையுது, கண்ணு தெரியல?"

"ஓடு மாத்துற அன்னிக்கு வெறும் உடம்போட எங்க ஒளிவீங்க? இந்தக் கொம்புக்குள்ளதானே?"

"அத அப்பப் பாத்துக்கலாம்!"

நத்தைகள் பருத்தன, முட்டையிட்டுப் பெருகின. பவளம் எலும்பாய் வெளுத்து, கிளை கிளையாய் ஒடிந்து விழுந்தது.

"இந்த நண்டு வெறும் தண்டம்!" என்று எரிந்து விழுந்த தொட்டிக்காரர் ஒரு பேத்தை மீனை உள்ளே விட்டார். ஓட்டை நொறுக்கித் தின்னும் பல் அதற்கு. ஒதுங்க இடமில்லாத செவ்விறாலை முட்டையோடு முதலில் விழுங்கியது. பிறகு நத்தைகள். கடக்! மடக்! நண்டின் தடித்த பழைய ஓடு மட்டும் அதன் பல்லுக்கு மசியவில்லை.

"அடேய், அது என் ஓடுடா! பேசி வச்ச ஓடு!"

"என்கிட்ட பேசலையே!" என்று மென்றது பேத்தை.

பாறைக்கு அடியில், நண்டின் கொடுக்கு மட்டும் எட்டும் இடுக்கில், மூத்த நத்தை ஒன்றே மிஞ்சியது. நண்டு அதை வெளியே இழுத்துத் தின்று ஓட்டைச் சுத்தம் செய்தது. பழைய ஓட்டுக்குள் தலையை இழுக்கக்கூட முடியவில்லை. மாற்றியே ஆக வேண்டும். பவளக் கொம்பைத் தேடியது. வெள்ளைத் தூள்தான் கிடந்தது. வேறு வழியில்லாமல் வெட்டவெளி மணலில் பின்னுடம்பை உருவியது.

மேலே நிழல் விழுந்தது.

"பொறு! பேசிக்கலாம்! இந்த ஓட்டை வேணும்னா நீயே..."

"ஓடு இல்லாம இருக்கியே, அதுதான் எனக்கு வசதி!"

மணலில் இரண்டு காலி ஓடுகள் கிடந்தன. ஒன்று சின்னது. இன்னொன்று நண்டுக்குச் சரியான அளவு.

தன் ஆதாயத்துக்காகக் கேட்டை வளரவிடுகிறவன், தான் ஒதுங்கும் இடத்தையே அதற்குத் தீனியாகப் போடுகிறான்.