கைதட்டலுக்குள் அழுத குழந்தை

வானொலியில் கைதட்டல் பொங்கும். அதன் நடுவே ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழும். ஐம்பது வருடமாகியும் அந்த அழுகை என் காதை விட்டுப் போகவில்லை.

எங்கள் தீவின் சுதந்திரத்துக்குப் பத்து வயதான வருடம் அது. தகவல் அமைச்சர் கனகசூரியர் கொடியேற்றினார், துறைமுகம் திறந்தார், அரிசி ஏன் இல்லை என்று விளக்கினார். போன இடமெல்லாம் பேசினார். ஒருவரும் கைதட்டவில்லை.

டிசம்பரில், வானொலி நிலையத்தில் ஒலிநாடா வெட்டி ஒட்டும் திலகமணியைக் கூப்பிட்டார்.

"ஆண்டு நிறைவு நிகழ்ச்சியில என்ர ஒவ்வொரு பேச்சுக்கும் கைதட்டல் கேட்கவேணும், பிள்ளை. நிசமான சனத்தின்ர கைதட்டல். இல்லையெண்டால் ஜனவரியில வேலைக்கு வராதை."

"சரி ஐயா."

நிகழ்ச்சி ஒலிபரப்பானது. கொடியேற்றத்தில் குழந்தை அழுதது. துறைமுகத்தில் அதே குழந்தை அழுதது. அரிசிக்கும் அழுதபோது தேநீர்க்கடைகளில் சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

"பாவம், வருசம் முழுக்க அதை இவரின்ர கூட்டத்துக்கே தூக்கிக்கொண்டு திரிஞ்சிருக்கினம்!"

அமைச்சர் நிலையத்துக்கே வந்துவிட்டார். "ஆரின்ர பிள்ளையடி அது?"

"தெரியாது ஐயா. எங்களிட்ட இருந்த நிசமான கைதட்டல் அது ஒண்டுதான். சர்க்கஸில யானை முக்காலியில ஏறி இருந்தபோது பதிஞ்சது. குழந்தையை வெட்டினால் நிசம் போயிடுமே எண்டு விட்டிட்டன்."

வேலைநீக்கக் கடிதத்தில் காரணம் எழுத வேண்டும் என்பது விதி. அமைச்சர் எழுதிப் பார்த்தார். எப்படி எழுதினாலும் யானை வந்து நின்றது.

திலகமணி அதே நிலையத்தில் இன்னும் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றார்.