மணித்தூணைத் தின்றவர்கள்

சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது இந்தக் கதையைப் பல ஊர்களில் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு ஊரிலும் மூன்று கட்சி உருவாகிவிடும். நீங்கள் எந்தக் கட்சி என்று முடிவில் கேட்பேன். காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

வளர்மதி, ரெஜினா, ஷகிலா மூவரும் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மிஷினில் தைத்தவர்கள். ஒரு நாள் காலையில் கம்பெனி கதவு திறக்கவில்லை. முதலாளிக்குப் பெரிய நஷ்டமாம். அந்த நஷ்டத்தோடுதான் அவர் ஊட்டியில் பங்களா கட்டிக்கொண்டிருந்தார். பெண்கள் ஓசூர், ஆம்பூர், தூத்துக்குடி என்று பிரிந்து போனார்கள். ஞாயிறு பிற்பகல் மட்டும் மூவரும் ஓரிடத்தில் கூடுவார்கள். அது கைப்பேசியில் ஆடும் 'இரும்பாழி' என்ற மாய உலக விளையாட்டு. அதில் தமிழ் ஆட்டக்காரர்கள் கட்டிய வேழக்கோட்டை. வாரம் முழுவதும் அவர்கள் காத்திருப்பது அந்தச் சில மணி நேரத்துக்காகத்தான்.

இந்தப் பருவத்தில் ஆட்டத்தில் புதிய இனம் ஒன்று வந்தது. விளையாட்டிலும் பிறப்பை வைத்து ஆளைப் பிரிக்கிறார்களே என்று முதலில் எனக்குக் கோபம் வந்தது. விவரம் கேட்டதும் கோபம் தணிந்தது. புதியவர்கள் புற்றினர், கறையான் மனிதர்கள். மரம்தான் அவர்களுக்குச் சோறு. மண்ணுக்கடியில் சுரங்கம் தோண்ட அவர்களால் மட்டுமே முடியும். அவர்கள் பேச்சில் 'நான்' என்ற சொல்லே கிடையாது. ஆட்டத்தை உருவாக்கியவர்களின் மொழியில் 'நான்' போனால் மிஞ்சுவது ஒரே சொல். நம் மொழியிலோ இரண்டு மிஞ்சும்: 'நாம்', 'நாங்கள்'.

கோட்டைத் தலைவர் வேழவேந்தர். நாகர்கோவிலில் டியூஷன் எடுக்கும் ரகோத்தமன்தான் அவர். அடுத்த மாதம் எதிரிகள் முற்றுகையிட வருகிறார்கள், சுரங்கம் தோண்ட ஆள் வேண்டும். "புற்றினராக மாறி வாருங்கள், உங்களுக்கு வேண்டியதையெல்லாம் கோட்டை கவனித்துக்கொள்ளும்" என்று மூன்று பெண்களையும் அழைத்தார். இரண்டு சட்டங்களையும் சொன்னார். கோட்டைக்குள் யாரும் வேடம் கலைத்துச் சொந்த ஆளாகப் பேசக் கூடாது. கோட்டைப் பொருள் ஒன்று சேதமானால், சேதம் செய்த ஒருவர் வெளியேற வேண்டும். பிறகு அவருக்குக் கதவு திறக்காது.

முதல் ஞாயிறு ஒரே கும்மாளம். ரெஜினா வீட்டுக் குக்கர் விசிலடித்தது கைப்பேசி வழியே எல்லோர் காதிலும் விழுந்தது.

"என்ன சத்தம் அது?" என்றார் தலைவர்.

"எங்கள் புற்றின் தாய் பசியில் சீறுகிறாள், வேந்தே" என்றாள் ரெஜினா.

"இன்னும் ரெண்டு சீறல் சீறினாத்தான் பருப்பு வேகும்" என்றாள் ஷகிலா.

"வேடம்! வேடம்!" என்று கத்தினார் தலைவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

மறு ஞாயிறு ரெஜினாவும் ஷகிலாவும் மதில்மேல் ஆளுக்கொரு பக்கம் காவல் நின்றார்கள். வளர்மதி முற்றத்தில் தனியாக இருந்தாள். ஆட்டத்தில் அவளுடைய புற்றினப் பெண்ணுக்குப் பசி ஏறி, உயிர்க்கோடு சிவந்து, சாகும் நிலைக்கு வந்துவிட்டது. கோட்டை முழுக்கக் கல். தின்ன ஒரு குச்சிகூட அங்கே போடப்படவில்லை. மரம் என்று இருந்தது மணித்தூண் ஒன்றுதான். ஒரு வாய் கடித்தாள். தூண் முறிந்து, மணி முற்றம் அதிர விழுந்தது.

தலைவர் ஓடி வந்தார். கடித்தவரை அவர் பார்க்கவில்லை. மதிலில் இருந்து இறங்கி வந்த இருவருக்கும் மட்டும் வளர்மதியின் வாயில் ஒட்டியிருந்த மரத்தூள் தெரிந்தது. வெளியேற்றப்பட்டால் அவளுக்கு ஞாயிறு இல்லை, தோழிகள் இல்லை.

"தூணைத் தின்றது யார்?" என்றார் தலைவர்.

"நாம் தின்றோம்" என்றாள் வளர்மதி, பயத்தில்.

"நாமா? என்னையும் சேர்த்தா? எனக்கு இட்லியே செரிக்காது, தாயே!"

கோட்டையே சிரித்தது. ஆனால் தலைவர் கை கதவுச் சாவியில்தான் இருந்தது. ரெஜினா அதைக் கண்டாள். முன்னால் வந்து சொன்னாள்: "அவளை விடுங்க. நான்தான் தின்னேன்."

அது பொய். அதோடு அந்த இனத்துக்கு இல்லாத சொல்லைச் சொல்லி வேடத்தையும் கலைத்தாள். தோழிக்காகத் தன் ஞாயிறுகளைக் கொடுக்கத் துணிந்தாள்.

தலைவர் ஷகிலா பக்கம் திரும்பினார். "நீ சொல். இருவரில் யார்?"

"நாங்கள் தின்றோம்" என்றாள் ஷகிலா.

"நீ மதில்மேல் நின்றதை நானே பார்த்தேனே!"

"நாங்கள் தின்றோம்."

"அப்படியானால் மூவரும் போகவேண்டி வரும்."

"நாங்கள் தின்றோம், வேந்தே."

ஒருத்தி பயத்தில் பேசினாள், ஆனால் அவள் சொன்னதிலும் உண்மை இருந்தது. ஒருத்தி அன்பினால் பொய் சொன்னாள். ஒருத்தி மூவரின் ஞாயிறுகளையும் பணயம் வைத்தாள், அவர்களைக் கேட்காமலே. சொல்லுங்கள்: இந்த மூவரில் புற்றினராக நடந்துகொண்டது யார்?

*

விடை: ஷகிலா. வளர்மதியின் 'நாம்' தப்பில்லை. விருந்துக்கு அழைத்துவிட்டுச் சோறு போடாதவருக்கும் அந்தக் கடியில் பங்கு உண்டு. ஆனால் சாவி வைத்திருப்பவரோடு சேர்ந்து 'நாம்' சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பங்களா கட்டிய முதலாளியும் பொங்கலுக்குப் பொங்கல் 'நாம் ஒரே குடும்பம்' என்றுதான் சொன்னார். ரெஜினாவின் மனம் பெரியது. என்றாலும், ஒரு கழுத்தைத் தேடி வந்தவரிடம் ஒரு கழுத்தை நீட்டினாள். அவர் வேலை சுலபமாயிற்று. 'நாங்கள்' என்பது கேட்பவரை வெளியே நிறுத்தும், தோழியை உள்ளே வைக்கும். ஒரு சேதத்துக்கு ஒருவரைத்தான் வெளியேற்றலாம் என்பது தலைவரே போட்ட சட்டம். அந்தப் பதிலில் ஒருவர் கிடைக்கவில்லை. மூவரையும் துரத்தினால் சுரங்கம் தோண்ட ஆளும் கிடையாது. அவர் சாவியிலிருந்து கையை எடுத்தார். அடுத்த ஞாயிறு கோட்டைக்குள் ஒரு வண்டி விறகு வந்து இறங்கியது. அது தன்னுடைய தாராள மனசு என்று தலைவர் இன்றும் சொல்லிக்கொள்கிறார். சொல்லிக்கொள்ளட்டும்.