இருவாச்சியின் இரண்டாம் மணவிழா

மலைக்காட்டின் ஓடைக்கரையில் நெடிய மருதமரம் ஒன்று நின்றது. அதன் பொந்துக்குள் வெண்விழி என்னும் பெண் இருவாச்சி முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தாள். அவள் கணவன் செவ்விழியன் வெளியே காவல் இருந்தான்.

இருவாச்சிகளின் குடித்தன முறை மற்றப் பறவைகளுடையதைப் போன்றதன்று. முட்டையிடும் காலத்தில் பெண் பறவை பொந்துக்குள் புகுந்துகொள்ளும். ஆண் பறவை ஈரமண் கொண்டு வந்து தரும். பெண் பறவை அதைக் குழைத்து, வாசலைப் பூசி அடைத்துவிடும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவு மட்டுமே எஞ்சும். உள்ளே இருக்கும் நாளில் அதன் இறக்கைகளின் நீண்ட இறகுகள் உதிர்ந்துபோகும். அவை மீண்டும் முளைக்கும்வரை அதனால் பறக்க இயலாது. கணவன் அந்தப் பிளவின் வழியாக ஊட்டும் உணவே அதற்கும் குஞ்சுக்கும் உயிர்.

செவ்விழியன் கடமை தவறாதவன். விடிந்ததும் அக்கரைச் சரிவில் இருக்கும் அத்திமரத்துக்குப் பறப்பான். தொண்டை நிறையப் பழங்களோடு திரும்புவான். அவன் இறக்கைகளின் இரைச்சல் ஓடைக்கு அப்பால் கேட்கும்போதே வெண்விழி அலகை நீட்டிக் காத்திருப்பாள்.

ஒரு நாள் காலை, எதிர்மரத்தில் கிளிகளின் திருமணம் நடந்தது. வெண்விழி பிளவில் கண்ணை வைத்துப் பார்த்தாள்.

“அடேயப்பா, எவ்வளவு பூ! நம் திருமணத்தன்று ஒரு பூகூட இல்லை. மழைதான் பெய்தது!” என்றாள்.

“பெய்ததா? கொட்டியது!” என்றான் செவ்விழியன். “உறுதிமொழி சொல்ல வாயைத் திறந்தேன். வாய் நிறையத் தண்ணீர்! பாதியிலேயே இருமல் வந்துவிட்டது.”

“அந்த இருமலை நம்பித்தான் நான் இன்றளவும் குடித்தனம் நடத்துகிறேன்!”

இருவரும் சிரித்தார்கள். வெண்விழி விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தச் சொல் செவ்விழியனின் நெஞ்சில் தைத்துவிட்டது.

மறுநாள் அவன் பெரிய செய்தியோடு வந்தான்.

“வெண்விழி! நமக்கு மீண்டும் மணவிழா! காட்டார் அனைவரையும் அழைத்து, அன்று விட்டுப்போன உறுதிமொழியை முழுமையாகச் சொல்லப் போகிறேன்!”

வெண்விழிக்கு வியப்பு. “இப்போது எதற்கு? குஞ்சு பறக்கத் தொடங்கட்டுமே. நானும் வெளியே வந்து ஒரு கை கொடுப்பேன்.”

“அதுவரையில் முருக்கம்பூ இருக்குமா? இப்போதுதான் மரமெல்லாம் பூத்துக் கிடக்கிறது! நீ உள்ளிருந்தே பார். தூக்கணாங்குருவி பின்னும் பந்தல் வேண்டா. மைனா பாடும் வாழ்த்து வேண்டா. பந்தல், மாலை, வாழ்த்து எல்லாம் என் அலகால் நானே செய்வேன்! பிறர் கை படவே கூடாது!”

தனக்காக ஒருவன் இவ்வளவு பாடுபட முன்வந்தால் யாருக்குத்தான் மனம் இளகாது? வெண்விழிக்கும் இளகியது.

“உங்கள் விருப்பம்!” என்றாள்.

செவ்விழியன் அன்றே வேலையில் இறங்கினான். இருவாச்சியின் அலகு எவ்வளவு பெரியது! அது பழம் பறிப்பதற்கு ஏற்றது. கொடி முடிவதற்கு ஏற்றதன்று. அவன் ஒரு முனையைக் கவ்வினால் மறுமுனை நழுவியது. மறுமுனையை மிதித்தால் நடுப்பகுதி அறுந்தது. அவ்வழியே வந்த தூக்கணாங்குருவி பார்த்துக்கொண்டே இருந்தது. அதற்குப் பொறுக்கவில்லை.

“அண்ணா, கொடியை இப்படித் தூக்குப் போட்டால் செத்துப்போகும்! விலகுங்கள், நான் கட்டித் தருகிறேன்.”

“தம்பி, நீ உன் கூட்டைப் போய்ப் பார்! இது எங்கள் வீட்டு விழா!”

குருவி சிரித்துக்கொண்டே பறந்துவிட்டது. பொந்துக்குள் வெண்விழியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் பெருமையும் கலந்திருந்தது.

அந்த வாரத்தில் முட்டை பொரிந்தது. இறகு முளைக்காத சின்னஞ்சிறு குஞ்சு வாயை அகலத் திறந்தது. செவ்விழியன் மகிழ்ச்சியில் கிளைக்குக் கிளை தாவினான்.

“விழாவுக்குள் பிள்ளையும் வந்துவிட்டான்! இனி ஏற்பாடுகளை இன்னும் சிறப்பாகச் செய்ய வேண்டும்!”

ஏற்பாடு வளர்ந்தது. உணவு சுருங்கியது.

முதலில் பழங்களோடு வண்டும் பல்லியும் வந்துகொண்டிருந்தன. பிறகு பழம் மட்டும் வந்தது. அதன்பின் அத்திமரத்துக்குப் போகவே அவனுக்குப் பொழுதில்லாமல் போயிற்று. பூப்பறிக்கும் வழியில் கிடைத்த காயையோ கனியையோ கவ்விக்கொண்டு வந்தான். அதையும் பொழுது சாயும் நேரத்தில் கொடுத்தான். கொடுக்கும்போதும் அவன் பேச்சு விழாவைப் பற்றியே இருந்தது.

“வெண்விழி, முதல் வரியைக் கேள்! ‘வானம் உள்ளளவும்’ என்று தொடங்கட்டுமா? ‘காடு உள்ளளவும்’ என்று தொடங்கட்டுமா?”

‘இவ்வளவுதானா பழம்?’ என்று கேட்க அவள் வாயெடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் அத்தனை ஆவல்! கேள்வியை விழுங்கிவிட்டாள்.

“காடு உள்ளளவும் என்பதே நன்றாக இருக்கிறது,” என்றாள்.

“நானும் அதையே நினைத்தேன்!” என்று அவன் பறந்துவிட்டான்.

கிடைத்ததைக் குஞ்சுக்கு ஊட்டிவிட்டு அவள் வெறும் வயிற்றோடு படுத்தாள். மறுநாளும் அப்படியே ஆயிற்று.

அதே மரத்தின் மேற்கிளையில் பட்டுவால் என்னும் மலையணில் குடியிருந்தாள். குஞ்சின் ஓயாத அழுகை அவள் காதில் விழுந்துகொண்டே இருந்தது. ஒரு நண்பகலில் அவள் இறங்கி வந்து பிளவருகே மூக்கை வைத்தாள்.

“வெண்விழி, பிள்ளை ஏன் இப்படிக் கத்துகிறான்? வயிற்றுக்கு ஏதாவது கொடுத்தாயா?”

“கொடுத்தேன், அக்கா. பிள்ளைகள் என்றால் அழத்தானே செய்யும்?”

“எனக்கே கதை சொல்கிறாயா? நான் எத்தனை பிள்ளை வளர்த்தவள்! என்னிடம் நாவற்பழம் இருக்கிறது. கொண்டு வரட்டுமா?”

வெண்விழியின் கழுத்து நிமிர்ந்தது. கணவன் ஊட்டுவதையன்றிப் பிறர் தருவதை உண்ணும் வழக்கம் இருவாச்சிப் பெண்களுக்கு இல்லை. அதை அவர்கள் பெருங்குறைவாகக் கருதுவார்கள்.

“வேண்டா, அக்கா! என் கணவர் கல்லுப்போல இருக்கும்போது நான் எதற்கு அடுத்த வீட்டில் வாங்க வேண்டும்?”

“கல்லுப்போலத்தான் இருக்கிறார். கல்லுக்குக் காது கேட்காது! அவரிடமாவது வாய்விட்டுச் சொல்லித் தொலை!”

“இந்த விழா முடியட்டும். எனக்காகத்தானே இவ்வளவு பாடுபடுகிறார்? இப்போது போய்க் குறை சொன்னால் அவர் மனம் உடைந்துவிடும்.”

பட்டுவால் வாலை ஓர் உதறு உதறிவிட்டு மேலே ஏறிவிட்டாள்.

விழாநாள் விடிந்தது. செவ்விழியன் அன்று உணவே கொண்டு வரவில்லை. முருக்கம்பூக்களைக் கொடியில் கோத்து அடர்த்தியான திரை ஒன்று செய்திருந்தான். அதைப் பொந்தின் வாசலில் தொங்கவிட்டான். மண் பூசிய சுவரும் பிளவும் பூக்களுக்குள் மறைந்துபோயின. பொந்துக்குள் இருந்த சிறு வெளிச்சமும் போயிற்று.

“எப்படி இருக்கிறது, வெண்விழி?” என்று வெளியிலிருந்து கேட்டான்.

“இருட்டாக இருக்கிறது,” என்றாள் அவள். பூத்திரை அந்தச் சொல்லை மறைத்துக்கொண்டது.

விருந்தினர் வந்து சேர்ந்தனர். கிளிகள் வந்தன. மைனாக்கள் வந்தன. மரங்கொத்தி குடும்பத்தோடு வந்தது. கருங்குரங்கு ஒன்று நல்ல கிளையாகப் பார்த்து முன்வரிசையில் அமர்ந்துகொண்டது.

“எல்லாம் இவனே செய்தானாம்! பார்த்தாலே தெரிகிறது!” என்று அது பக்கத்திலிருந்த கிளியிடம் சொன்னது.

“சும்மா இருங்கள்! ஆசையோடு செய்திருக்கிறார்!” என்று கிளி அதட்டியது.

பொந்துக்குள் வெண்விழி குஞ்சைத் தன் மார்போடு அணைத்திருந்தாள். நேற்றுவரை குஞ்சு கத்திக்கொண்டிருந்தது. இன்று கத்தவில்லை. தலையைத் தூக்கவும் இல்லை. அலகால் தொட்டாள். அதன் வாய் சிறிதே திறந்து மூடிக்கொண்டது. அழுத குஞ்சு அவளை வருத்தியதுண்டு. அழாத குஞ்சோ அவளை நடுங்கச் செய்தது.

வெளியே செவ்விழியனின் குரல் கணீரென்று எழுந்தது.

“என் துணையே! காடு உள்ளளவும் உன்னை நான் காப்பேன்! என் இறக்கையில் வலு உள்ளளவும் உன்னையும் நம் பிள்ளையையும் பசி அணுகவிடமாட்டேன்!”

கிளிகள் ஆரவாரம் செய்தன.

வெண்விழி தவித்தாள். ‘இப்போது வாய் திறந்தால் ஊரார் நடுவில் அவருக்குத் தலைகுனிவு. அவர் உழைப்பெல்லாம் பாழ். திறக்காவிட்டால்?’ அவள் குஞ்சை மறுபடியும் தொட்டாள். இம்முறை அதன் வாய் திறக்கவே இல்லை.

அதற்குமேல் அவள் எண்ணிப் பார்க்கவில்லை. பிளவின் வழியே அலகை நீட்டினாள். பூத்திரையைக் குத்திக் கிழித்தாள். சிவந்த பூக்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. அலகை முழுவதும் வெளியே தள்ளி உரக்கக் கூவினாள்.

“பசிக்கிறது! பிள்ளை வாயைத் திறக்கவில்லை! உடனே ஏதாவது கொண்டு வாருங்கள்!”

 கருங்குரங்கு தொடையைத் தட்டிச் சிரித்தது.

“பசியை அணுகவிடமாட்டானாம்! அது உள்ளே குடியேறிவிட்டதே, ஐயா!”

 செவ்விழியன் பூத்திரையைப் பார்த்தான். கிழிந்த இடத்தில் நடுங்கிய அலகைப் பார்த்தான். அதற்கு அவன் முறையாக ஊட்டி எத்தனை நாளாயிற்று?

“வெண்விழி, ஏன் என்னிடம் முன்பே சொல்லவில்லை?”

“சொல்லியிருக்க வேண்டும். உங்கள் மகிழ்ச்சியைக் கெடுக்க மனம் வரவில்லை. நீங்களும் ஒருமுறை என் வயிற்றைப் பற்றிக் கேட்டிருக்கலாம்.”

அவன் கழுத்திலிருந்த மாலையை உதறி எறிந்தான். இறக்கைகள் இரைய ஓடையைத் தாண்டிப் பறந்துவிட்டான்.

“ஐயையோ! மாப்பிள்ளை ஓடிவிட்டார்!” என்று மைனாக்கள் கூச்சலிட்டன.

வெண்விழி அந்தக் கூச்சலைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அத்திமரம் தொலைவில் இருந்தது. அவன் திரும்பும்வரை குஞ்சு தாங்குமா? அவள் மேற்கிளையை நோக்கிக் குரல் கொடுத்தாள்.

“பட்டுவால் அக்கா! அன்று வேண்டா என்றேன். இன்று கேட்கிறேன். அந்த நாவற்பழம் இருந்தால் கொடுங்கள்!”

பட்டுவால் விரைந்து இறங்கினாள். அவள் கன்னத்தில் பழம் ஏற்கெனவே இருந்தது. “நீ கேட்பாய் என்றுதான் காலையிலிருந்து இதை மெல்லாமல் வைத்திருக்கிறேன்! பிடி!”

வெண்விழி பழத்தைப் பிழிந்து குஞ்சின் வாயில் சாற்றை விட்டாள். ஒரு சொட்டு. மற்றொரு சொட்டு. சாறு வாயோரத்தில் வழிந்தது. அவள் மூச்சையடக்கிப் பார்த்திருந்தாள். குஞ்சின் தொண்டை மெல்ல அசைந்தது.

ஓடைக்கு அப்பால் இறக்கைகளின் இரைச்சல் கேட்டது. செவ்விழியன் நேரே மரத்தில் வந்து இறங்கினான். நாள்தோறும் பாடுபட்டுக் கோத்த பூத்திரையை ஒரே இழுப்பில் பிய்த்து எறிந்தான். பொந்துக்குள் வெளிச்சம் பாய்ந்தது. தொண்டையிலிருந்து அத்திப்பழங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பிளவின் வழியே கொடுத்தான். கடைசியில் கொழுத்த பல்லி ஒன்றையும் கொடுத்தான். வெண்விழி குஞ்சுக்கு ஊட்டினாள். தானும் உண்டாள். சற்று நேரத்தில் குஞ்சு ஒரு கத்துக் கத்தியது.

“கத்துகிறான்!” என்றான் செவ்விழியன்.

“ஆமாம். இன்னும் வேண்டுமாம்!” என்றாள் வெண்விழி.

கருங்குரங்குக்குப் பொறுமை போய்விட்டது. “ஐயா, உறுதிமொழி பாதியில் நிற்கிறதே! மீதியைச் சொல்வீர்களா, மாட்டீர்களா?”

செவ்விழியன் மனைவியைப் பார்த்தான். “சொல்லட்டுமா, வெண்விழி?”

“முதலில் இன்னொரு நடை போய் வாருங்கள்! எனக்கும் இன்னும் பசி ஆறவில்லை!”

அவன் உடனே பறந்தான். திரும்பி வந்து ஊட்டினான். மறுபடியும் பறந்தான். விருந்தினர் கொட்டாவி விட்டு ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். அவர்கள் போனதை அவன் கவனிக்கவே இல்லை. பொந்தின் பிளவில் வெண்விழியின் அலகு அவனுக்காக நீண்டிருந்தது.

துணைக்குக் கொடுத்த வாக்கைப் பூவாலும் பேச்சாலும் புதுப்பிக்க இயலாது. அன்றாடக் கடமையைத் தவறாமல் செய்வதும், குறையை மறைக்காமல் வாய்விட்டுச் சொல்வதுமே அதைப் புதுப்பிக்கும்.