வயிற்றில் ஒன்று தங்கட்டும்

உலகம்மாளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அவளுடைய குரு ஆவுடைத்தாய்க்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனால் பிரசவம் பார்ப்பதில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆவுடைத்தாய் சொன்னதுதான் சட்டம். காலம் போன காலத்தில் தொழில் கற்க வந்த உலகம்மாள், வயசைப் பாராமல் அவளை ஆத்தா என்றுதான் கூப்பிடுவாள்.

அன்று விடியற்காலையில் உலகம்மாளின் மூத்த மருமகள் செண்பகத்துக்குப் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. நிறைமாசப் பிள்ளைதான், ஆனால் பூனைக்குட்டி அளவுக்குத்தான் இருந்தது. ஒரு தடவை வாயைத் திறந்தது. அழவில்லை. வெயில் ஏறுவதற்குள் அடங்கிப் போயிற்று.

செண்பகம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். உலகம்மாள் கொல்லைப்புறம் வந்து தலைதலையாக அடித்துக்கொண்டாள்.

"பாவி நான் என்ன குறை வச்சேன்? முழுகாம இருக்கான்னு தெரிஞ்ச நாள்லேருந்து அவளை ஒரு குடம் தூக்க விட்டேனா? பாலும் முட்டையுமா ஊட்டினேனே! எங்க ஆத்தா தப்பு நடந்தது?"

நஞ்சுக்கொடியைப் புதைக்கக் குழி தோண்டிக் கிடந்தது. அதற்குள் வைக்க நஞ்சைப் போட்டிருந்த சட்டியை ஆவுடைத்தாய் கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தாள்.

"கையில எடுங்க."

"ஐயோ, இப்பவா?"

"எடுங்க."

எத்தனையோ பிரசவத்தில் கழுவிப் பார்த்து, துண்டு ஏதும் உள்ளே தங்கவில்லையே என்று திருப்பித் திருப்பிப் பார்த்த கைதான். இன்று அதை மெல்ல வெளியே எடுத்தது. மற்றவர்களுக்கு வரும் நஞ்சு சோற்றுத் தட்டு அகலம் இருக்கும், ஏந்த இரண்டு கை வேண்டும். இது ஒரு கைக்குள்ளேயே அடங்கியது. மெலிசாக இருந்தது. அங்கங்கே வெளுத்து இறுகிப் போயிருந்தது.

"பிள்ளைக்குச் சோறு எது வழியாப் போகும்?" என்று கேட்டாள் ஆவுடைத்தாய்.

"இது வழியாத்தான்."

"இது எப்ப வேர் பிடிக்கும்?"

"கரு தங்கின உடனேயே."

"நீங்க பால் ஊட்ட ஆரம்பிச்சது?"

"நாள் தள்ளிப் போயி, வாந்தி எடுத்து, நிச்சயமாத் தெரிஞ்ச பிறகு."

"அதுவரைக்கும் இது எதைத் தின்னு வேர் விட்டிருக்கும்?"

"அவ உடம்புல இருந்ததை."

"என்ன இருந்துச்சு?"

உலகம்மாள் நஞ்சைத் திரும்பச் சட்டிக்குள் வைத்தாள்.

அவள் வீட்டில் ஒரு வழக்கம். வீட்டுக்கு வந்த மருமகள், மற்ற எல்லாரும் உண்டு முடித்த பிறகுதான் பானையில் கை வைக்க வேண்டும். மிஞ்சினால் உண்டு, இல்லாவிட்டால் நீராகாரம். உலகம்மாளும் அப்படி இருந்து வந்தவள்தான். அக்கம்பக்கத்தில் யாராவது வாய்விட்டுக் கேட்டால், "வயித்துல ஒண்ணு தங்கட்டும், அப்புறம் பாருங்க, தாங்கு தாங்குன்னு தாங்குவேன்" என்பாள். சொன்ன மாதிரியே தாங்கவும் செய்தாள். ஆனால் அதற்கு முன்பே, செண்பகத்தின் கல்யாண ரவிக்கை மூன்றே வருடத்தில் தொளதொளத்துப் போக, அதைப் பிடித்துத் தைத்துக் கொடுத்ததே உலகம்மாள்தான்.

துக்கம் கோபமாகத் திரும்பியது.

"அப்ப கல்யாணம் ஆன அன்னைக்கே தின்ன வச்சு ஊத வைக்கணும்கிறீங்களா?"

"ஊத வைக்கவும் கூடாது. போன மாசம் மேலத்தெருவுல பார்த்தோமே. அந்தப் பொண்ணுக்கு உடம்பு பெருத்து, எந்திரிச்சு நடக்கவே மூச்சு வாங்கும். நஞ்சு கனத்துக் கிடந்துச்சு. பிள்ளை பெருத்து, தோள் சிக்கி, செத்துப் பிழைச்சுச்சு. அதுவும் கரு தங்குறதுக்கு முன்னாடியே இருந்த உடம்புதான்."

உலகம்மாள் சட்டியைத் தானே குழிக்குள் வைத்து, தானே மண் தள்ளினாள்.

உச்சிப்பொழுதில் ஆண்கள் பிள்ளையை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பினார்கள். துக்க வீட்டில் அடுப்பு எரியாதென்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சோறும் பருப்பும் கொண்டு வந்து இறக்கினார்கள். செண்பகத்துக்கு ஆவுடைத்தாய் கஞ்சி புகட்டி முடித்திருந்தாள்.

போன தையில் வந்த சின்ன மருமகள் வடிவு, இலைகளைப் போட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டு அடுப்படிச் சுவரோரம் ஒதுங்கி நின்றாள். செம்பைத் தூக்கும்போது அவள் வளையல்கள் முழங்கை வரைக்கும் சறுக்கின.

பழக்கதோஷத்தில் உலகம்மாள் மகன்களின் இலைப்பக்கம் சோற்றுப் பானையை நகர்த்தினாள். ஆவுடைத்தாய் அவள் கையிலிருந்து அகப்பையை வாங்கினாள். ஒரு தட்டு நிறைய முதல் சோற்றை அள்ளி, பருப்பைக் குழி பறித்து ஊற்றி, வடிவிடம் நீட்டினாள்.

வடிவு பயந்துபோய் மாமியாரைப் பார்த்தாள்.

"இவளுக்கா?" என்றாள் உலகம்மாள். "இவ வயித்துல இன்னும் ஒண்ணும் தங்கலியே ஆத்தா?"

"அதனாலதான்" என்றாள் ஆவுடைத்தாய்.