இலந்தைக்கு இரண்டு முள் வந்த விதம்

அந்தக் காலத்தில் பறவைகளும் மிருகங்களும் மனுசரோடு பேசிக்கொண்டிருந்தன. கல்லாக நிற்கிற சாமிகூட, மனசார ஒருவர் கூப்பிட்டால் ஒரு வார்த்தை பதில் சொல்லும். அப்போது இலந்தை மரத்துக்கு முள் கிடையாது. முருங்கை மாதிரி வழுவழுவென்று இருக்கும். யார் பிடித்து இழுத்தாலும் கொப்பு அவர்கள் பக்கம் சாய்ந்து கொடுக்கும்.

அந்த நாளில் கரிசல் காட்டின் ஓரத்தில் மாடத்தி என்று ஒரு தாய் இருந்தாள். மூன்று பிள்ளை பெற்றவள். மூத்தவன் உப்பளத்துப் பக்கம் வேலைக்குப் போய், அங்கேயே பெண் கட்டி இருந்துவிட்டான். இளையவன் மாட்டுவண்டியில் பாரம் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவன். கடைசி மகள் வடிவை ஆற்றுக்கு அந்தப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தது. புருசன் போய்ச் சேர்ந்து வெகுநாள். மூன்று பேரையும் ஆளாக்கி விட்டாயிற்று, குறை ஒன்றும் இல்லை. ஆனால் அவள் கைக்கு மட்டும் அது தெரியவில்லை. காலையில் உலை வைத்தால் ஐந்து பேருக்குத்தான் கம்பு அள்ளிப் போடும். மீந்ததை முற்றத்தில் கொண்டுபோய்க் கொட்டுவாள்.

அதைப் பொறுக்க ஒரு கவுதாரி வரும்.

“என்ன மதினி, இன்னைக்கும் ஊருக்கே பொங்கிட்டியா?”

“கைப்பழக்கம் போகமாட்டேங்கு தாயி, என்ன செய்ய?”

“போகாட்டாப் போகட்டும். எனக்கு ஒரு வருத்தமும் இல்ல” என்று சொல்லிக்கொண்டே கொத்தும்.

ஒருநாள் அந்தக் கவுதாரி கொத்துவதை நிறுத்திவிட்டுச் சொன்னது: “தை அறுப்பு முடிஞ்சா காட்டுல ஒரு மணி கிடக்காது மதினி. மாசியும் பங்குனியும் நாங்க படுற பாடு சாமிக்குத்தான் தெரியும். நீ ஒருத்தி சோறு போட்டு எத்தனை வயித்த நிரப்புவ? அந்த மாசத்துல பழுக்கிற மரமாப் பாத்து வையேன்.”

மாடத்தி ஓடைக்கரையில் தேடி ஏழு இலந்தைக் கொட்டை பொறுக்கினாள். சாணித் தண்ணீரில் ஊறப்போட்டுக் காட்டு வரப்பில் ஊன்றினாள். ஊருணியிலிருந்து குடம் குடமாகச் சுமந்து மூன்று கோடை தண்ணீர் விட்டாள். மூன்று கன்று பட்டுப்போயிற்று, நான்கு நின்றது. அதற்குள் அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

நாலாம் வருசம் மாசி மாசத்தில் மரம் பழுத்தது. மைனா வந்தது, அணில் வந்தது. குள்ளநரிகூட வெட்கப்பட்டுக்கொண்டே வந்து, கீழே விழுந்ததை மட்டும் தின்றுவிட்டுப் போகும். கவுதாரி மரத்தடிப் புல்லைக் கோதி ஆறு முட்டை இட்டது. மாடத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்று பார்ப்பாள். தன் அடுப்படியில் கூட்டம் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி இருக்கும்.

பழம் பழுத்தால் ஆளுக்கும் தெரிந்துவிடும் அல்லவா? ஆடு மேய்க்கிற சுடலை வந்தான். கையில் தொரட்டி. நீளக் கம்பின் நுனியில் வளைந்த அரிவாள். மாட்டி இழுத்தால் எவ்வளவு உயரத்துக் கொப்பும் கீழே வந்துவிடும்.

“ஏ சுடல, காயும் பழமுமா நிக்கிற மரம்யா. ஒடிக்காதய்யா.”

“ஒரு கொப்புதான் சின்னம்மா. ஆடு கத்துது பாருங்க.”

“நேத்தும் ஒரு கொப்புன்னுதான் சொன்ன.”

“அது நேத்துக் கொப்பு, இது இன்னைக்குக் கொப்பு” என்று சிரித்துக்கொண்டே இழுத்தான்.

ஆடுகள் போன பிறகு பார்த்தால் கவுதாரியின் ஆறு முட்டையும் மிதிபட்டுக் கிடந்தது. கவுதாரி அழவில்லை. ஓடு ஒவ்வொன்றையும் அலகால் புரட்டிப் பார்த்தது. பிறகு மாடத்தியிடம், “சோறு மீந்திருக்கா மதினி?” என்று கேட்டது. மாடத்தி பானையில் இருந்ததையெல்லாம் வழித்துக் கொண்டுவந்து போட்டாள்.

மறுநாளிலிருந்து கம்பை ஊன்றிக்கொண்டு மரத்தடியில் காவல் நின்றாள். கிழக்குப் பக்கம் விரட்டினால் ஆடு மேற்குப் பக்கம் வந்தது. பத்து நாள் நின்றாள். பதினோராம் நாள் கால் வீங்கிவிட்டது. ஓடைக்கரையில் கல்லாக நிற்கிற அம்மனிடம் போய், விளக்கு வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள்.

“தாயே, நிக்கக் காலுல பெலமில்ல. இனிமே என் மரம் தன்னைத்தானே பாத்துக்கிடட்டும். அதுக்கு ஒரு முள்ளு குடு. ஊசி மாதிரி நேரா இருக்கணும். ஒடிக்க வாரவன் கையில ஏறணும்.”

“போ, இருக்கும்” என்றது அம்மன்.

விடிந்ததும் பார்த்தால் கொப்பெல்லாம் முள். சுடலை வந்து கையை வைத்தான், ஆ என்று உதறினான். “என்ன சின்னம்மா, மரத்துக்கு நகம் வளத்து விட்டிருக்கீங்க?” என்று முனகிக்கொண்டே ஆட்டை வேறு பக்கம் ஓட்டிப்போனான். முள்ளுக்குப் பயந்து ஆடும் கிட்ட வரவில்லை. கவுதாரி இன்னொரு தடவை முட்டையிட்டு அடைகாத்தது.

அதோடு நின்றிருந்தால் கதை வேறு. ஆனால் காவல் வேலை போனதும் மாடத்திக்குச் சும்மா உட்கார்ந்து பார்க்க நேரம் கிடைத்துவிட்டது. வருகிறதெல்லாம் தின்கிறது, தின்றதெல்லாம் திரும்பிப் பாராமல் போகிறது. இதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாரம் இளைய மகன் வண்டியை ஓட்டிக்கொண்டு அந்த வழியே வந்தான்.

“இறங்கி ஒரு வாய் கஞ்சி குடியேன்யா.”

“இல்லம்மா. பாரம் ஏத்தினபடி நிக்குது, மாடு தவிக்கும்.”

துண்டில் கட்டிக் கொடுத்த பழத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டான். வண்டிப் புழுதி அடங்குமுன்னே மாடத்தி மறுபடியும் அம்மனிடம் நடந்தாள்.

“இன்னொரு முள்ளு வேணும் தாயே. வாரவனத் தடுக்க ஒண்ணு குடுத்த. போறவனப் பிடிக்க ஒண்ணு குடு. சுடலையோட தொரட்டி மாதிரி வளஞ்சு இருக்கணும்.”

 “அந்தத் தொரட்டியப் பாத்து அழுதவ நீ. இப்ப அதையே கேக்கியே” என்றது அம்மன்.

“அழுதேன். ஆனா அது பிடிச்சா விடாது. கண்ணால பாத்திருக்கேன்.”

“குடுத்தத நான் திரும்ப வாங்க மாட்டேன் மாடத்தி.”

“வாங்க வேண்டாம்.”

மறுநாள் ஒவ்வொரு நேர் முள்ளுக்குப் பக்கத்திலும் ஒரு வளைந்த முள் இருந்தது. முதல் இரண்டு நாள் அது விளையாட்டாகத்தான் இருந்தது. அணிலின் வால் மாட்டிக்கொண்டது. “விடச் சொல்லு மாடத்தி, வீட்ல வேலை கிடக்கு!” என்று கத்தியது.

“அப்படி என்ன பெரிய வேலை? இன்னொரு பழம் தின்னுட்டுப் போ” என்று சொல்லி மாடத்தி சிரித்தாள். அவள் சிரித்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

கவுதாரி சிரிக்கவில்லை. அதற்கு ஐந்து குஞ்சு பொரித்திருந்தது.

“இது எதுக்கு மதினி?”

“இருக்கட்டுமே. உன் பிள்ளைகளும் உன்ன விட்டு ஓடாதுல்லா.”

“ஓடணும்லா மதினி? அதுக்குத்தான பொரிச்சேன்.”

மாடத்தி காதில் விழாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குஞ்சுகளுக்கு இறகு முளைக்கிற சமயத்தில் மகள் வடிவு வந்தாள். இரண்டு நாள் இருந்தாள். மூன்றாம் நாள் காலையில் பரிசலைப் பிடிக்க வேண்டும் என்று அவசரமாகக் கிளம்பினாள். வரப்பைத் தாண்டும்போது வாயில் போட ஒரு பழம் பறித்தாள். நகர்ந்தால் சேலை முந்தி வளைந்த முள்ளில் மாட்டிக்கொண்டது.

“விடும்மா, பரிசல் போயிரும்.”

“நான் எங்கடி பிடிச்சேன்? மரம்லா பிடிச்சிருக்கு.” மாடத்திக்கு உள்ளுக்குள் இனித்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் நின்றாள்.

வடிவு வெடுக்கென்று இழுத்தாள். சேலை சாண் நீளத்துக்குக் கிழிந்தது, முள் விடவில்லை. “எங்க அத்தை ஆசையா எடுத்துக் குடுத்த சேலைம்மா இது! இன்னும் ஒரு நாள் இருடின்னு வாயால சொன்னா என்ன? மரத்த விட்டுத்தான் பிடிக்கணுமா?”

மாடத்தி வாயைத் திறக்குமுன் கவுதாரி அலறுகிற சத்தம் கேட்டது.

குஞ்சுகள் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பறக்கப் பார்த்திருக்கின்றன. எழும்பின முதல் குஞ்சு, கழுத்து முள்ளில் மாட்டி, அசையாமல் தொங்கியது. இரண்டாவது குஞ்சு சிறகு மாட்டி அடித்துக்கொண்டிருந்தது. அடிக்க அடிக்க முள் உள்ளே ஏறியது. மற்ற மூன்றும் மரத்தடியில் ஒடுங்கிக் கிடந்தன. கவுதாரி அங்கும் இங்கும் ஓடியது.

மாடத்தி கையை உள்ளே விட்டாள். தானே கேட்டு வாங்கிய முள் அவள் கையெல்லாம் ஏறியது. குஞ்சைப் பிடித்து வெளியே இழுத்தாள். சிறகில் ரத்தம் வந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தாள்.

“இழுக்காத மதினி! கிழியுது, இழுக்காத!”

இழுக்காமல் எப்படி எடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. “தாயே, எனக்கு முடியல” என்று மட்டும் சொன்னாள். கை ஓய்ந்து தளர்ந்தது. தளர்ந்த கையிலிருந்து குஞ்சு ஒரு விரற்கடை மரத்துப் பக்கமாகச் சரிந்தது. சரிந்ததும் முள் தானாக விட்டுவிட்டது. குஞ்சு பொத்தென்று அவள் மடியில் விழுந்து மூச்சு வாங்கியது.

முள்ளின் வளைவு மரத்துப் பக்கமாகத் திரும்பியிருப்பதை மாடத்தி பார்த்தாள். பிறகு திரும்பாமலே சொன்னாள்: “வடிவு, இழுக்காத. மரத்துப் பக்கமா ஒரு எட்டு பின்னால வா.”

வடிவு ஒரு எட்டு வந்தாள். முந்தி கழன்றுகொண்டது.

வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அம்மாவின் கையில் வழிகிற ரத்தத்தையும், முள்ளில் தொங்குகிற குஞ்சையும் அப்போதுதான் பார்த்தாள். கிழிந்த முந்தியை நனைத்து அந்தக் கையைத் துடைத்தாள்.  செத்த குஞ்சை எடுத்து மரத்தடியில் குழி தோண்டி வைத்த பிறகு மாடத்தியே சொன்னாள்: “பரிசல் போயிரும், கிளம்பு தாயி.”

“சரிம்மா. போயிட்டு வாரேன்.”

கவுதாரி மீதி நான்கு குஞ்சையும் அங்கே பறக்க விடவில்லை. கொப்புக்கு அடியில் தரையோடு தரையாக நடத்தியே வெளியே கூட்டிப்போனது. கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்த மாடத்தியைத் தாண்டித்தான் போனது. நின்று ஒரு தடவை பார்த்துவிட்டு நடந்தது.

மாடத்தி முள்ளைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லி அம்மனிடம் போகவில்லை. வாங்க வேண்டாம் என்று தான் கொடுத்த வார்த்தை தெரியும், அவ்வளவு தூரம் நடக்கவும் முடியாது. இருந்த இடத்திலேயே கும்பிட்டுக்கொண்டாள்.

பத்து நாள் கழித்துக் கவுதாரி தனியாக முற்றத்துக்கு வந்தது.

“எல்லாம் போயிட்டுதா தாயி?”

“போயிட்டு மதினி. ஒண்ணுக்கு மட்டும் சிறகுல தழும்பு இருக்கு. ஆனாலும் பறக்கு.” கவுதாரி தரையைப் பார்த்தது. “என்ன, சோறு கொஞ்சமாக் கிடக்கு?”

“ரெண்டு பேருக்குத்தான பொங்கினேன்” என்றாள் மாடத்தி. கவுதாரிக்குக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்தாள். அந்த வருசம் தின்ற பழத்தின் கொட்டையையெல்லாம் வரப்பு நெடுக ஊன்றிக்கொண்டே போனாள்.

அன்று முதல்தான் கவுதாரி இலந்தைப் புதரை விட்டுப் பறந்து வராமல் நடந்து வெளியே வருகிறது. அன்று முதல்தான் இலந்தையின் கணுவுக்குக் கணு இரண்டு முள், ஒன்று நேராக, ஒன்று வளைந்து. நேர் முள் யாரையும் கேட்காமல் குத்தும். வளைந்த முள் போகிறவர்களைப் பிடிக்கும். இழுத்துக்கொண்டு போனால் கிழித்துவிடும். மரத்துப் பக்கம் ஒரு எட்டு திரும்பி வந்தால், அதுவே விட்டுவிடும்.